கடைசி வரியில் இருந்த கால்

டொக்டர் பிள்ளை கேட்டது மிகச் சாதாரணமான கேள்வி. "இந்தப் புண் எப்ப தொடக்கம் இருக்குது அம்மா?"

அறை முழுக்க ஸ்பிரிட் மணம். இவர், அதாவது என் கணவர், வலது காலைக் கட்டிலில் நீட்டிவிட்டு, அது அடுத்த வீட்டுக்காரரின் கால் என்பதுபோல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாதி கட்டை அவிழ்த்து முடித்திருந்தார். பழைய வேட்டியைக் கிழித்து நான் கட்டிய கட்டு அது. சின்ன விரல் கறுத்துப்போயிருந்தது. பார்த்த உடனே கண்ணை எடுத்துவிட்டேன்.

எப்போது தொடக்கம் என்று எனக்குச் சட்டென்று ஞாபகம் வரவில்லை. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் தபால் கந்தோரில் வேலை செய்தவள் நான். ஞாபகத்தில் இல்லாதது எழுத்தில் இருக்கும். கைப்பையைத் திறந்து, றப்பர் வளையம் போட்ட கடதாசிக் கட்டை எடுத்தேன்.

சுவர் நாட்காட்டியில் தினமும் கிழிக்கிற தாளை நான் எறிவதில்லை. அதன் பின்பக்கத்தில் அன்றைக்குச் செய்யவேண்டியவற்றை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதுவேன். செய்து முடித்ததைக் கோடு போட்டு வெட்டுவேன். மிஞ்சியது அடுத்த நாள் தாளுக்குப் போகும்.

தாள்களைப் புரட்டினேன். மூன்று கிழமைக்கு முந்திய தாளில் "கால்" என்று எழுதியிருந்தது. கடைசி வரியில். அடுத்த தாளிலும் கடைசி வரியில். அதற்கடுத்ததிலும் அப்படியே. என் கை மெதுவாகிவிட்டதை டொக்டர் கண்டுவிட்டார். கையை நீட்டினார். கொடுத்தேன்.

"உதென்ன அம்மா, எல்லாத் தாளிலையும் கடைசியா 'கால்' எண்டு கிடக்குது. ஆற்றை கால்?"

"இவற்றை" என்று இவர் பக்கம் கையைக் காட்டினேன்.

"மற்றதெல்லாம் வெட்டியிருக்கிறீங்கள். இது மட்டும் ஒரு நாளும் வெட்டுப்படேல்லையே."

தாதியும் எட்டிப் பார்த்தார். எனக்கு நிலம் பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது.

டொக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். "விரலை எடுக்கத்தான் வேணும். பாதம் தப்புமோ எண்டு பத்து நாள் போனாத்தான் சொல்லுவன்" என்றார். கை கழுவிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்து, "உங்கடை முகமும் சரியில்லை. ஒருக்கா பிரஷர் பாருங்கோ" என்றார்.

"பேந்து பாப்பம்" என்று தள்ளிப்போட்டேன். வெளியே வந்து அதையும் ஒரு தாளில் எழுதிவைத்தேன். எத்தனையாவது வரியில் என்று நான் சொல்லத் தேவையில்லை.

கோவத்தின் வரிசை

பஸ் நிலையத்தில் தொலைத்த குடையைப் பற்றிப் போன கிழமை இந்தப் பத்தியில் எழுதியதைப் படித்துவிட்டு, "அன்ரிக்கு வேற வேலையே இல்லையோ" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இருக்கிறது தங்கச்சி. மலைபோல இருக்கிறது. அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு வேலை குறையும் என்றுதான் நானும் நம்பினேன். நடந்தது என்னவென்றால், "அவ இப்ப வீட்டிலைதானே நிக்கிறா" என்று ஊர் முழுக்க என் நேரத்தைப் பங்குபோட்டுக்கொண்டது. கனடாவில் இருக்கிறவர்களின் காணிக்குப் போய்ப் பற்றை வெட்டியாயிற்றா என்று பார்த்துப் படம் எடுத்து அனுப்புவது. ஆருக்கோ பிறப்புச் சான்றிதழ் எடுக்க மாவட்ட அரசாங்கக் கந்தோரான கச்சேரிக்குப் போவது. செத்த வீடு, கலியாண வீடு, முப்பத்தோராம் நாள் வீடு. வெளிநாட்டுக்குப் போகிறவருக்குப் பயத்தம் உருண்டையும் மிளகாய்த்தூளும் செய்து கொடுப்பது. ஒரு தாளில் பதினெட்டு வரி வந்த நாளும் உண்டு.

காலமை எழும்பும்போதே நெஞ்சு படபடவென்று அடிக்கும். அரிசியை அடுப்பில் போட்டுவிட்டு அதை மறந்துபோய்க் கோயில் வாசலில் நின்றிருக்கிறேன். பல்லைக் கடித்துக் கடித்து வலது தாடை நோகும். எல்லாம் வயது என்று நினைத்தேன்.

டொக்டர் அந்தத் தாள்களைத் திருப்பித் தந்த பிறகு, ஆஸ்பத்திரி விறாந்தையில் இருந்து ஒவ்வொன்றாக மறுபடி வாசித்தேன். அப்போதுதான் எனக்கே என் புத்தி விளங்கியது. நான் வரிசைப்படுத்தியது அவசரத்தை வைத்து அல்ல. ஆர் கோவிப்பார்கள் என்பதை வைத்து. அதிகம் கோவிக்கிறவர் முதல் வரி. கொஞ்சம் கோவிக்கிறவர் நடுவில். கோவிக்கவே தெரியாதவர் கடைசி வரி.

எங்கள் பக்கத்துக் கோவம் லேசுப்பட்டது இல்லை. என்னுடைய சித்தப்பா ஒருவர் காங்கேசன்துறையில் இருந்தார். மகளின் கலியாணத்தைத் தன் ஒன்றுவிட்ட தமையனுக்கு நேரில் போய்ச் சொல்லாமல் ரெலிபோனில் சொல்லிவிட்டார். அன்றைக்கு மழை, சைக்கிளும் காற்றுப்போய்க் கிடந்தது. தமையன் கலியாணத்துக்கு வரவில்லை. பிறகு ஒரே சந்தையில் மீன் வாங்குவார்கள், ஒரே பஸ்ஸில் போவார்கள், பத்துப் பன்னிரண்டு வருடம் ஒரு சொல் கதைக்கவில்லை. கலியாணம் செய்த பெட்டை இரண்டு பிள்ளை பெற்றுவிட்டாள், இவர்கள் இன்னும் மழையில்தான் நின்றார்கள்.

இப்படி ஊரில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தப் பயம் எலும்பில் ஊறியிருக்கும். இதை நியாயம் என்று சொல்லவில்லை. எப்படி வந்தது என்று சொல்கிறேன்.

கந்தோரில் இருந்த புத்தி

எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது இதுதான். இந்த வரிசைப்படுத்தும் வேலையை என்னைவிடத் திறமாகச் செய்கிறவர்கள் எங்கள் கந்தோரில் இருக்கவில்லை.

காலமைத் தபால் பை வந்து மேசையில் கொட்டினால் ஒரு மணித்தியாலத்தில் பிரித்துவிடுவேன். பதிவுத்தபால் ஒரு பக்கம். சாதாரணக் கடிதம் ஒரு பக்கம். முகவரி தெரியாதது மூன்றாம் பக்கம். கடித உறையின் அழகைப் பார்ப்பதில்லை, ஆர் அனுப்பியது என்றும் பார்ப்பதில்லை.

தந்தி இருந்த காலத்தில் தந்திதான் எல்லாவற்றுக்கும் முதல். ஒரு நாள் ஊரில் பெரிய மனிதர் ஒருவர் முத்திரை வாங்க வந்து நின்றார். அந்த நேரம் தந்தி ஒன்று வந்தது. நான் அதை எழுதி முடிக்கும்வரை அவரை நிற்கவைத்தேன்.

"பிள்ளை, நான் ஆரெண்டு தெரியுமோ?"

"தெரியும் ஐயா. முத்திரை பத்து நிமிசம் பொறுக்கும். உது பொறுக்காது. வாங்கில இருங்கோ" என்று ஓரமாகக் கிடந்த நீள இருக்கையைக் காட்டினேன்.

அவர் கோவித்துக்கொண்டு போனார். எனக்கு ஒரு துளி படபடப்பும் வரவில்லை. அன்றைக்கு நிம்மதியாகப் பிட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சாப்பிட்டேன். அதே மனுசிதான் வீட்டுக்கு வந்ததும் இவருடைய தங்கச்சியான மச்சாளின் ரெலிபோன் மணிக்கு ஓடுவாள்.

மூன்று செவ்வாய்

பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இவருக்குக் கொஞ்சம் வெங்காயத் தோட்டம். செருப்பில்லாமல் செம்மண்ணில் நடந்தால்தான் அவருக்கு நடந்த மாதிரி. வேலிக்கரையில் கிடந்த பனைமட்டைக் கருக்கு சின்ன விரலைக் கிழித்திருக்கிறது. இவருக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு பல வருடமாக உண்டு. அதனால் காலில் உணர்ச்சி குறைவு. விறாந்தைச் சீமெந்தில் இரத்தத் தடத்தைப் பார்த்து நான்தான் கேட்டேன்.

"என்னப்பா உது?"

"ஒண்டுமில்லை. நோகேல்லை. நீர் உம்மடை அலுவலைப் பாரும்."

யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் அவருடைய கிளினிக் செவ்வாய்க்கிழமை. முதல் செவ்வாய், தூரத்து மாமா ஒருவரின் முப்பத்தோராம் நாள். போகாவிட்டால் மாமி கோவிப்பா. இரண்டாம் செவ்வாய், முன்வீட்டுக்காரர் கலியாணம் சொல்ல வருவதாகச் சொல்லியிருந்தார்கள். வீட்டில் ஆளில்லாவிட்டால் வெற்றிலைத் தட்டோடு திரும்பிப் போகவேண்டி வரும், அது எவ்வளவு பெரிய விசயம் என்று எங்கள் ஊரார் அறிவார்கள். பகல் முழுக்கக் காத்திருந்தோம். பின்னேரம்தான் வந்தார்கள்.

மூன்றாம் செவ்வாயைச் சொல்லத்தான் எனக்கு வாய் வருகுதில்லை. இவருடைய ஒரே தங்கச்சி சுகந்தி. கனடாவில் இருக்கிறா. தன் மகளின் சாமத்தியவீட்டை, அதாவது பெரியபிள்ளையான சடங்கை, ஊரில் வைத்துச் செய்ய வந்திருந்தா. அன்றைக்குச் சீலை எடுக்க என்னையும் யாழ்ப்பாணம் ரவுண் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனா. ஓட்டோ ஆஸ்பத்திரி வாசலைக் கடந்துதான் போனது. நான் அந்த வாசலைப் பார்த்தேன். "இண்டைக்குக் கிளினிக்" என்று ஒரு நினைவும் வந்தது. மச்சாள் சீலையின் கரை எத்தனை அங்குலம் இருக்கவேண்டும் என்று கேட்டா. நான் அதற்குப் பதில் சொன்னேன்.

இவர் வீட்டில் வேட்டித் துண்டைக் கழற்றிப் புதுத் துண்டு கட்டிக்கொண்டிருந்தார். திரும்பி வந்த என்னிடம், "சீலை சரி வந்ததோ?" என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே கோவமில்லை. நாற்பது வருடத்தில் என்னைக் கோவித்ததில்லை. நோகாத காலும் கோவிக்காத மனுசனும் ஒரே வீட்டில் இருந்தால், அந்த இரண்டையும் மறந்துபோவது எவ்வளவு லேசு என்று எனக்குத்தான் தெரியும்.

அடுத்த நாளே நாற்றம் வந்தது. அப்போதுதான் ஓட்டோ பிடித்தோம்.

தண்ணி வார்க்க ஆள்

விரலை எடுத்தார்கள். ஆஸ்பத்திரி வாட்டில் தினமும் கட்டு மாற்றினார்கள். காய்ந்து வருகிறதா, கறுப்பு மேலே ஏறுகிறதா என்று பத்தாம் நாள் காலமை முழுக்க அவிழ்த்துப் பார்ப்பதாக டொக்டர் சொன்னார். ஏறினால் பாதத்தையும் எடுக்கவேண்டும். வெங்காயத் தோட்டத்தில் பாதி வயதைக் கழித்த மனுசனுக்கு அது என்ன என்று நான் விளக்க வேண்டியதில்லை.

சாமத்தியவீடும் அதே பத்தாம் நாள் காலமை. மண்டபம் பேசியாயிற்று, வீடியோக்காரர் பேசியாயிற்று, நல்ல நேரம் ஒன்பது மணிக்கு. பெட்டைக்கு முதல் தண்ணி வார்க்கிறது தாய்மாமனின் மனுசி. எங்கள் வழக்கம் அது. தாய்மாமன் இவர், மனுசி நான்.

இவரிடம் கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது. "நீர் போட்டு வாரும். எனக்கென்ன, கட்டு அவிழ்க்கிறதுதானே" என்றார். சொல்லிவிட்டு வழக்கம்போல ஜன்னலைப் பார்த்தார்.

வாட்டு விறாந்தையில் ஒரு தாளை எடுத்து இரண்டே இரண்டு வரி எழுதினேன். தண்ணி வார்ப்பு. கட்டு அவிழ்த்தல். கை பழக்கத்தில் தண்ணி வார்ப்பைத்தான் மேலே எழுதியது. அதைப் பார்க்க எனக்கு என்மேலேயே ஆத்திரம் வந்தது. கந்தோர் மேசை என்று நினைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். இதில் எதை வேறொருவர் செய்யலாம்? எது பொறுக்காது? தண்ணியை மாமி முறையான எவரும் வார்க்கலாம். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க இவருக்கு வேறு ஆள் இல்லை. பிள்ளைகளும் இல்லை எங்களுக்கு.

மச்சாளுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"மச்சாள், நான் வெள்ளிக்கிழமை வரேல்லை. அண்டைக்குத்தான் கட்டு அவிழ்க்கினம்."

"ஒரு மணித்தியாலம் வந்திட்டுப் போங்கோவன். அண்ணையை நேர்ஸ்மார் பாப்பினம்தானே."

"பாப்பினம். எண்டாலும் நான் நிக்கோணும்."

"அப்ப என்ரை பிள்ளைக்கு மாமி இல்லை எண்டு வீடியோவில இருக்கட்டும். சரி. வையுங்கோ."

வைத்துவிட்டா. அவவையும் குறை சொல்ல மாட்டேன். எத்தனை வருடம் பனிக்குளிரில் வேலை செய்து சேர்த்த ஆசை. அழுத குரல் எனக்குக் கேட்டது. நானும் வாட்டுக் குழாயடியில் நின்று முகம் கழுவிக்கொண்டு கொஞ்சம் அழுதேன்.

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு டொக்டர் வந்தார். துணி அடுக்கடுக்காகக் கழன்றது. இவர் ஜன்னல் பக்கம் தலையைத் திருப்பினார். ஆனால் கை மட்டும் விரிப்பின் மேலால் வந்து என் சீலைத் தலைப்பைப் பிடித்தது. இத்தனை வருடத்தில் நாலு பேருக்கு முன்னால் அவர் அப்படிச் செய்தது அன்றைக்குத்தான்.

"சிவப்பா இருக்குது. நல்ல சிவப்பு" என்றார் டொக்டர். "பாதம் தப்பீட்டுது ஐயா."

அங்கே மண்டபத்தில் ஆரோ ஒரு மாமி தண்ணி வார்த்திருக்கிறா. பெட்டை வடிவாக இருந்தாளாம். மச்சாள் விமானம் ஏறும்போது சொல்லவில்லை. வட்ஸ்அப்பில் நான் அனுப்புவதைப் பார்த்ததற்கு நீல அடையாளம் விழுகிறது, பதில் வருவதில்லை. நெஞ்சு நோகத்தான் செய்கிறது. ஆனால் நான் இவ்வளவு காலமும் பயந்த அந்தப் பெரிய கோவம் வந்தே விட்டது, வந்த பிறகும் நான் சோறு சமைக்கிறேன், தண்ணீர் அள்ளுகிறேன், நித்திரை கொள்கிறேன்.

மூன்று பேணி

வீட்டுக்கு வந்ததும் அடுப்படித் தட்டில் வெறும் பால்மாத் தகரப் பேணி மூன்றை வரிசையாக வைத்தேன். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு துண்டுக் கடதாசி. இன்றைக்குச் செய்யாவிட்டால் ஒருவருக்குக் கெடுதல் வரும் என்றால் முதல் பேணி. பொறுக்கும் என்றால் இரண்டாவது. செய்யாவிட்டாலும் ஒன்றும் குடிமுழுகாது என்றால் மூன்றாவது. ஆர் கோவிப்பார்கள் என்ற கேள்விக்குப் பேணி வைக்கவில்லை.

முதல் கிழமையே மூன்றாம் பேணி வாயை முட்டிவிட்டது. காணிப் படம், ஆருடையதோ மிளகாய்த்தூள், வாசிகசாலைக் கூட்டத்துக்குக் கதிரை துடைப்பது எல்லாம் அதற்குள். சனிக்கிழமை அதைக் கிணற்றடிக் குப்பையோடு கொளுத்துவேன். முதல் பேணியில் இரண்டு மூன்று துண்டுக்கு மேல் ஒரு நாளும் வந்ததில்லை. பதினெட்டு வரியைச் சுமந்து திரிந்த எனக்கு அதை நம்பவே முடியவில்லை. தாடை நோவு குறைந்தது. சோறு கரியவில்லை.

இவர் தூரத்தில் இருந்து பார்த்துவிட்டு, "தபால் கந்தோரைத் திரும்பத் திறந்திட்டீர் போல" என்று பகிடி பண்ணினார்.

"ஓம். முத்திரை வேணுமெண்டால் வாங்கில இருங்கோ" என்றேன்.

போன மாதம் ஒரு காலமை முதல் பேணிக்குள் கையை விட்டேன். "கட்டு மாற்ற" என்ற துண்டு வந்தது. அதோடு இன்னொன்றும் வந்தது. என் எழுத்துத்தான். "பிரஷர்." டொக்டர் சொன்ன அன்று தாளில் எழுதியதைப் பார்த்துத் துண்டில் எழுதியது. பேணி வைத்த முதல் நாளே அதை நான் மூன்றாவதில் போட்டிருந்தேன்.

இவர் முற்றத்தில் வெங்காயத் தாளைக் கட்டிக்கொண்டிருந்தார். காலில் செருப்பு. இப்போது செருப்பில்லாமல் வாசற்படி இறங்க நான் விடுவதில்லை.

"என்னப்பா, இதை ஆர் முதல் பேணியில போட்டது?"

"நான்தான். கொளுத்தப்போன குப்பைக்குள்ள கிடந்தது. எடுத்துப்போட்டன்."

"எனக்கு ஒண்டும் நோகேல்லை. பேந்து பாப்பம்."

சொன்ன பிறகுதான் அது ஆருடைய வசனம் என்று எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கவேண்டும். கையில் இருந்த வெங்காயப் பிடியைக் கீழே வைத்தார். எழும்பினார். என்னை நேரே பார்த்தார்.

"இஞ்சேரும். இண்டைக்கு நீர் போகாட்டில் நான் கோவிப்பன்."

நாற்பது வருடத்தில் முதல் தடவை. சிரிப்பாகவும் வந்தது, கண்ணும் நிறைந்தது. அடுப்பை நிறுத்தினேன், சீலை மாற்றினேன்.

பண்டத்தரிப்பு ஆஸ்பத்திரியில் தாதி என் மேற்கையில் பட்டியைச் சுற்றிக் காற்றடித்தார். ஊசி ஏறி ஏறிப் போய் நின்ற இடத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு நாளும் எங்கை நிண்டனீங்கள் அம்மா?" என்று கேட்டார். அந்த அறையிலும் ஒரு ஜன்னல் இருந்தது. இவர் அதைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.